உலோகத் தகட்டில் நிலவெளி

ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில், 1950களின் பிற்பகுதியில், ஹைன்ஸ் மாக் என்ற இளம் கலைஞர் தன் கலைக்கூடத் தரையில் கிடந்த மெல்லிய உலோகத் தாள் ஒன்றைத் தெரியாமல் மிதித்துவிட்டார். தாளுக்கு அடியில் கற்றாழை நாரில் நெய்த முரட்டு விரிப்பு. தாளைக் கையில் எடுத்துப் பார்த்தபோது விரிப்பின் நெசவு அதில் வரிவரியாகப் பதிந்திருந்தது. அந்த வரிகளின் மேல் ஒளி நடுங்கியது. வண்ணக் குழம்பால் துணியில் கொண்டுவர முடியாத அசைவு, ஒரு மிதியில் தகட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதன்பின் மாக் அலுமினியத் தகடுகளை அழுத்தியும் கீறியும் மடித்தும் 'ஒளிப் புடைப்புகள்' என்ற வரிசையைச் செய்தார். மலை, மரம், பறவை என்று எதையும் அவர் அவற்றில் வரையவில்லை. ஆனாலும் அவற்றின் முன் நிற்பவருக்குக் கடலும் மணல்வெளியும் நினைவுக்கு வரும்.

ஒளியைப் பிரதிபலிக்கும் உலோகத்தில் இயற்கை நிலவெளியைச் சுவர்ச் சிற்பமாகச் செய்யும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அருங்காட்சியகச் சுவர்களிலும் பார்க்கலாம், ஓட்டல் வரவேற்பறைகளிலும் பார்க்கலாம், மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களிலும் பார்க்கலாம். இவற்றில் சில நம்மை அரைமணி நேரம் நிறுத்திவைக்கின்றன. பல கண்ணில் பட்டதோடு சரி. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? வெட்டிய உருவத்திலிருந்தா, செலவழித்த உலோகத்திலிருந்தா, கலைஞரின் பெயரிலிருந்தா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையின் வெளிக்கோட்டைத் தகட்டில் வெட்டுவதால் மலை வருவதில்லை. மலையை நாம் காண்பது நாழிகைதோறும் மாறும் வெளிச்சத்தில். அந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும்படி மேற்பரப்பைப் பக்குவப்படுத்திய தகட்டில்தான் நிலவெளி தங்குகிறது.

பழைய முன்னோடிகள்

உலோகத்தின் பளபளப்பை இயற்கைக் காட்சிக்குப் பயன்படுத்திய மிகச் சிறந்த எடுத்துக்காட்டு சிற்பத்தில் இல்லை, ஜப்பானியத் திரை ஓவியத்தில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோட்டோக் கலைஞர் ஒகாட்டா கோரின் தீட்டிய ஐரிஸ் மலர்த் திரைகள் இப்போது டோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆறு மடிப்புகள் கொண்ட இரண்டு திரைகள்; பின்புலம் முழுவதும் தங்க ரேக்கு. அதன்மேல் நீல மலர்க்கொத்துகளும் பச்சை இலைகளும் மட்டுமே. தண்ணீர் வரையப்படவில்லை, கரை இல்லை, வானமும் இல்லை. தங்க ரேக்கே குளமாகவும் காற்றாகவும் நிற்கிறது. அக்காலத்து வீடுகளில் காகிதச் சன்னல் வழியாகத் தரையோடு தவழ்ந்து வரும் வெளிச்சமும் இரவில் எண்ணெய் விளக்கும்தான். அந்த மங்கிய ஒளியை வாங்கி அறைக்குள் திருப்பித் தரும் வேலையையும் தங்கம் செய்தது.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து சகாய் ஹோயிட்சு என்பவர், கோரினின் காற்று, இடிக் கடவுளர் திரையின் பின்புறத்தில் வெள்ளி ரேக்கு ஒட்டி, கோடை மழையில் நனைந்து சாய்ந்த புல்லையும் இலையுதிர்காலக் காற்றில் வளைந்த புல்லையும் வரைந்தார். முன்பக்கம் தங்கத்தில் வானத்துத் தேவர்கள், பின்பக்கம் வெள்ளியில் அவர்களிடம் அடிவாங்கிய மண். மழைக்கு எந்த உலோகம், வெயிலுக்கு எந்த உலோகம் என்று இவ்வளவு நுட்பமாக யோசித்தவர்கள் பிற்காலச் சிற்பிகளிலும் குறைவு. வெள்ளி காலப்போக்கில் கறுக்கும். அந்தக் கறுப்பும் மழைக்காலத்துக்குப் பொருந்திப்போனது.

ஐரோப்பாவில் கதை வேறு. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஏரிப் பகுதிக்குச் சென்ற பயணிகள், பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர் குளோது லொரேனின் பெயரால் வழங்கிய சிறு கருங்கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார்கள். சற்றே குவிந்த, இருண்ட கண்ணாடி அது. காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடிக்குள் தெரியும் மலையையும் ஏரியையும் ரசிப்பார்கள். பரந்த வெளி உள்ளங்கைக்குள் சுருங்கி, நிறங்கள் அடங்கி, ஓவியம்போல் தெரியும். 1769இல் கவிஞர் தாமஸ் கிரே இந்தக் கண்ணாடியைப் பிடித்தபடி நடந்து இடறி விழுந்து விரல் முட்டியில் காயம்பட்டதை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். நேரில் இருக்கும் மலையைவிடப் பிரதிபலிப்பில் தெரியும் மலை மனத்தைக் கவர்ந்த காலம் அது. இன்றைய மெருகிட்ட எஃகுச் சிற்பங்களுக்கு முன் கைபேசியோடு நிற்கும் கூட்டத்துக்கும் அந்தப் பயணிகளுக்கும் உறவு உண்டு.

தகட்டின் மேல் ஒளி என்ன செய்கிறது

இந்தக் கலையைப் பேசும் பலர் இங்கேதான் அவசரமாகக் கடந்துபோகிறார்கள். எனக்கோ விஷயத்தின் சாரமே இதுதான்.

வீட்டில் நாம் பயன்படுத்தும் முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசம் பின்புறம் இருக்கிறது. ஒளி கண்ணாடியைக் கடந்து உள்ளே போய்த் திரும்பி வருகிறது. உலோகத்தில் அப்படியில்லை, பிரதிபலிப்பு மேல்தோலிலேயே நிகழ்கிறது. கேரளத்தின் ஆரன்முளைக் கண்ணாடியில் விரல் நுனியை வைத்துப் பார்த்தால் இது புரியும். விரலுக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி இருக்காது. செம்போடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து வார்த்து, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றும் உலோகம் அது. அதைச் செய்யும் குடும்பங்களின் முன்னோர் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கோயில் வேலைக்காகச் சென்றவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. பிரதிபலிப்பு மேல்தோலில் நிகழ்வதால், அந்தத் தோலில் விழும் ஒவ்வொரு கீறலும் ஒளியின் போக்கை மாற்றுகிறது. உலோகச் சிற்பிக்குக் கீறல்தான் தூரிகை.

அலுமினியத் தகடு ஒன்றை எடுத்து, எமரித் தாளை இடமிருந்து வலமாக மட்டும் இழுத்துத் தேய்த்தால் தகடு முழுவதும் நுண்ணிய கிடைக்கோடுகள் விழும். சுவரில் மாட்டி எதிரே ஒரு விளக்கை ஏற்றினால், விளக்கின் பிம்பம் வட்டமாகத் தெரியாது. மேலிருந்து கீழாக நீண்ட ஒளிக்கீற்றாகத் தெரியும். கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அதற்குக் குறுக்கே ஒளி விரியும். நிலா எழுந்த இரவில் மெரினாவில் நின்று பார்த்தால் கடல்மேல் நம்மை நோக்கி நீளும் ஒளிப்பாதையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கிடையாக வரும் எண்ணற்ற அலைச்சரிவுகள் ஒவ்வொன்றும் நிலவின் ஒரு துண்டைக் காட்ட, அவை சேர்ந்து பாதையாகின்றன. நாம் நகர்ந்தால் கடலில் அந்தப் பாதை நம்மோடு நகரும், தகட்டிலும் நகரும். அந்தத் தகட்டில் யாரும் கடலை வரையவில்லை. கடல் ஒளியை நடத்தும் விதத்திலேயே தகடும் நடத்துகிறது. ஓவியத்தால் முடியாத இந்த ஒன்றை உலோகத்தால் செய்ய முடியும்.

கிரைண்டர் சக்கரத்தை வைத்து வளைவு வளைவாக உரசினால் இன்னொரு விந்தை நிகழும். ஒவ்வொரு வளைகீறலும் இடக்கண்ணுக்கு ஓரிடத்திலும் வலக்கண்ணுக்குச் சற்றுத் தள்ளி வேறிடத்திலும் மின்னும். மூளை அந்த வேறுபாட்டை ஆழமாக எடுத்துக்கொள்கிறது. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள தட்டையான தகட்டில் பள்ளத்தாக்குக்குள் பார்ப்பதுபோன்ற மயக்கம் உண்டாகிறது. கண்காட்சிகளில் பார்வையாளர்கள் கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பது இத்தகைய தகடுகளைத்தான்.

முழுக்க மெருகேற்றினால் என்ன ஆகும்? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். மேற்பரப்பின் ஏற்ற இறக்கம் அதைவிட மிகச் சிறிதாகிவிட்டால் தகடு கண்ணாடியாகிவிடும். அதன்பின் அதில் தெரிவது எதிர்ச்சுவரும் ஏ.சி. துவாரமும் வரவேற்பு மேசையும்தான். ஆகவே நீரையும் மூடுபனியையும் காட்ட நினைப்பவருக்கு முழு மெருகைவிடப் பாதி மெருகே துணை. கண்ணாடி மெருகு வேண்டுமென்றால் அதற்குத் தனியான காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தவர்களைப் பிறகு பார்ப்போம்.

எந்த உலோகம் என்பதும் சிறு விஷயமல்ல. வெள்ளி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. அலுமினியம் 90 பங்கு அளவுக்கு. நம் வீடுகளில் எவர்சில்வர் என்று புழங்கும் துருப்பிடிக்காத எஃகோ 60 பங்கைச் சுற்றித்தான் திருப்புகிறது. அதனால்தான் மெருகிட்ட எஃகில் வானம் எப்போதும் சற்றுக் கறுத்து, மழைக்கு முந்தைய வானம்போல் தெரிகிறது. செம்பு நீலத்தை விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்பி அனுப்புவதால், எந்த விளக்குக்கு அடியிலும் அதில் அந்திப்பொழுது இருக்கும்.

நிறத்துக்குச் சாயமே தேவையில்லாத வழியும் உண்டு. துருப்பிடிக்காத எஃகைத் தீச்சுடரால் சூடேற்றினால், ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள் தோன்றும். அதற்குமேல் பழுப்பு, ஊதா என்று போய் 550 டிகிரியைத் தாண்டும்போது நீலம் வரும். மேற்பரப்பில் படியும் ஆக்சைடுப் படலம் தடித்துக்கொண்டே போவதால் ஒளி தனக்குள் மோதிப் பிரியும் நிறங்கள் இவை. சுடரை நகர்த்தும் வேகத்தைக் கொண்டே மலைத்தொடரின் அடுக்கடுக்கான நீலத்தைக் கொண்டுவரும் கைத்திறன் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அலுமினியத்தில் மின்வேதி முறையில் நுண்துளைப் படலத்தை வளர்த்துச் சாயம் ஏற்றுவார்கள். சாயத்துக்கு அடியில் உலோகத்தின் மினுக்கம் தெரிந்துகொண்டே இருப்பதால் வண்ணம் பூசியதுபோல் மந்தமாகாது. செம்பில் களிம்பு ஏறவிட்டுப் பாசி படர்ந்த பாறையின் பச்சையைப் பெறுவதும் பழைய வழிதான்.

அமெரிக்கச் சுவர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் இந்தக் கலைக்குப் பெரிய சுவர்கள் கிடைத்தன. கண்ணாடியும் எஃகுமாக எழுந்த புதிய கட்டடங்களின் உட்புறம் வெறுமையாக இருந்தது. அதை நிரப்பக் கட்டடக் கலைஞர்கள் சிற்பிகளைத் தேடினார்கள். இத்தாலியில் பிறந்து 1930இல் அமெரிக்கா வந்த ஹாரி பெர்டோயா அவர்களில் முதன்மையானவர். நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் 1954இல் திறந்த வங்கிக் கட்டடத்துக்காக அவர் செய்த உலோகத் திரை 70 அடி நீளம், 16 அடி உயரம். ஏறத்தாழ 800 எஃகுத் தகடுகள் முன்னும் பின்னுமாக நிறுத்தப்பட்டு, அவற்றின்மேல் செம்பும் பித்தளையும் நிக்கலும் உருக்கிப் படியவிடப்பட்டிருக்கின்றன. ஒன்றுகூடச் சீராக மெருகேற்றப்படவில்லை. கண்ணாடிச் சுவர் வழியாகத் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு, விளக்கேற்றிய மாலையில் அது உதிர்காலத் தோப்பைப் போலத் தெரியும். அதற்கு அவர் தோப்பு என்று பெயரிடவில்லை. 2010இல் வங்கி அதைக் கழற்றி எடுத்துச் சென்றது. பாரம்பரியக் கட்டடப் பாதுகாவலர்கள் போராடிய பிறகு 2012இல் அதே இடத்துக்குத் திரும்பியது. குறிப்பிட்ட வெளிச்சத்துக்காகச் செய்த உலோகத்தை வேறிடத்தில் மாட்டினால் அது வேறு பொருளாகிவிடும் என்பதே அவர்கள் வாதத்தின் உயிர். அந்த வாதம் முற்றிலும் சரி.

அதே பெர்டோயா டல்லஸ் நகரப் பொது நூலகத்துக்கு 1955இல் செய்த திரையை நகர மேயர் பழைய இரும்புக் குப்பை என்ற தோரணையில் கண்டித்தார். கட்டடக் கலைஞர் ஜார்ஜ் டால் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டார். பின்னாளில் அது நூலகத்துக்கே வந்து சேர்ந்தது. பெர்டோயாவிடம் செடிகொடிகள் நேரடியாகவும் வந்தன. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு அவர் செய்த உலோகக் கம்பி மலர்கள் டான்டெலியான் செடியின் விதைத் தலைகளை ஒத்தவை. ரூத் அசாவா என்ற சான்ஃபிரான்சிஸ்கோ கலைஞரின் கதையும் இங்கே சேரும். 1962இல் நண்பர்கள் மரணப் பள்ளத்தாக்குப் பாலைவனத்திலிருந்து ஒரு செடியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை வரைந்து பார்த்தார், சிக்கல் பிடிபடவில்லை. கம்பிகளைக் கட்டாகக் கட்டிக் கிளைகிளையாகப் பிரித்துப் புரிந்துகொள்ள முயன்றார். அந்தப் பயிற்சியிலிருந்து பிறந்த கம்பிச் சிற்பங்கள் பல சுவரில் மாட்டுபவை. இயற்கையைப் பார்த்து உலோகத்தை வளைத்தவர் என்ற பெருமை வேறு எவரையும்விட அவருக்கே பொருந்தும்.

சந்தை வழியாக வந்தவர்களும் உண்டு. ஜெர்ரி ஃபெல்ஸ், கர்டிஸ் ஃப்ரைலர் என்ற மைத்துனர்கள் இருவர் தங்கள் பெயர்களைக் கலந்து 'சி. ஜெரே' என்ற கையெழுத்தை உருவாக்கினார்கள். முன்பு செம்பு நகைகள் செய்து விற்ற அனுபவம் அவர்களுக்கு இருந்தது. 1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் பட்டறை அமைத்து, பறவைக் கூட்டம், மரம், மழைத்துளி, சூரியக்கதிர் என்று பித்தளையிலும் செம்பிலும் சுவர்ச் சிற்பங்களைத் தொழிலாளர்களைக் கொண்டு செய்வித்துப் பல்பொருள் அங்காடிகளில் விற்றார்கள். நடுத்தரக் குடும்பத்தின் கூடத்துக்கும் நல்ல கலை போக வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். இன்று உலகச் சந்தையில் கிடைக்கும் உலோகச் சுவர் அலங்காரங்களில் பெரும்பாலானவை அவர்கள் போட்ட பாதையில் வருபவை. ஒரு வேறுபாடு மட்டும் முக்கியம். அவர்கள் பட்டறையில் ஒவ்வொரு இலையும் ஒருவர் கையால் வெட்டி, சுடரால் பற்றவைக்கப்பட்டது. இன்றைய லேசர் எந்திரம் நூறு மரத்தையும் ஒரே மரமாக வெட்டித் தள்ளுகிறது. அதன்மேல் பொன்னிறப் பூச்சு. அந்தத் தகடுகளில் காலையும் இல்லை, மாலையும் இல்லை.

கண்ணாடிக்குள் பார்ப்பவர்

முழு மெருகுக்குத் தனிக் காரணம் வேண்டும் என்றேன். அந்தக் காரணத்தைத் தெளிவாகக் கண்டவர் டெரெசீட்டா ஃபெர்னாண்டஸ். 1968இல் மயாமியில், கியூபக் குடும்பத்தில் பிறந்தவர். 2008இல் அவர் செய்த 'உருவப்படம் (குருட்டு நிலவெளி)' என்ற சுவர்ச் சிற்பத்தில், இலைதழைகளின் உருவத்தில் நுணுக்கமாக வெட்டிய எஃகு கண்ணாடிபோல் மெருகேறி நிற்கிறது. அதோடு பச்சை எனாமல். நெருங்கிப் போனால் இலைகளுக்கு நடுவே நம் முகம் துண்டுதுண்டாகத் தெரிகிறது. முழுதாகத் தெரியாது. தலைப்பில் உருவப்படம் என்ற சொல் ஏன் வந்தது என்பது அப்போதுதான் விளங்குகிறது. காட்டைப் பார்ப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, காடு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நிலம் என்பது அழகிய பின்புலம் மட்டுமல்ல, அதில் வாழ்ந்தவர்களின், விரட்டப்பட்டவர்களின் வரலாறும் அதில் இருக்கிறது என்பது அவர் படைப்புகள் முழுவதிலும் ஓடும் எண்ணம். 2015இல் நியூயார்க் மேடிசன் சதுக்கப் பூங்காவின் நடைபாதைகளுக்கு மேல் 500 அடி நீளத்துக்குப் பொன்னிறக் கண்ணாடி வட்டுகளைப் பந்தலாக அமைத்தார். நடப்பவர்களும் மரங்களும் தலைக்குமேல் தலைகீழாக மினுங்கினார்கள். மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் சிகாகோவில் 168 எஃகுத் தகடுகளைத் தையல் தெரியாமல் இணைத்துச் செய்த 'மேக வாயில்' இதைவிடப் புகழ்பெற்றது. அது வானத்தைக் காட்டுகிறது, நகரத்தைக் காட்டுகிறது, கூட்டத்தைக் காட்டுகிறது. ஃபெர்னாண்டஸின் தகடுகளோ காட்டுவதோடு நில்லாமல் கேள்வியும் கேட்கின்றன. என் மனம் அவர் பக்கமே சாய்கிறது.

மாயா லின் வேறு திசையில் போனார். வாஷிங்டனின் வியட்நாம் போர் நினைவுச் சுவரை இளம் வயதிலேயே வடிவமைத்தவர் அவர். 1982இல் எழுந்த அந்தச் சுவரின் மெருகிட்ட கருங்கல் பெங்களூர்ப் பகுதியிலிருந்து சென்றது. இறந்தவர்களின் பெயர்களுக்கு மேல் உயிரோடிருப்பவரின் பிம்பம் விழும்படி அதை அமைத்தார். பிரதிபலிப்பின் வலிமையை அறிந்த அந்தக் கை பிற்பாடு ஆறுகளுக்குத் திரும்பியது. மறுசுழற்சி செய்த வெள்ளியில் ஆற்றின் வரைபடத்தை, கிளையாறுகள் உட்பட, வார்த்துச் சுவரில் பதித்தார். யாங்சி ஆற்றை ஆயிரக்கணக்கான குண்டூசிகளால் சுவரில் நட்டார். 2009இல் லாஸ் வேகாஸ் ஓட்டல் ஒன்றின் வரவேற்பு மேசைக்கு மேல் தொங்கவிட்ட 'வெள்ளி ஆறு' 84 அடி நீளம், 3,700 பவுண்டு எடை கொண்டது. அது கொலராடோ ஆறு. பாலைவனத்தில் எழுந்த அந்த நகரம் குடிப்பது அந்த ஆற்றின் நீரைத்தான். அறைச் சாவி வாங்க நிற்கும் விருந்தினரின் தலைக்குமேல், அவர் குளிக்கப்போகும் தண்ணீரின் மூலம் வெள்ளியாக ஓடுகிறது. இந்தச் சிற்பத்தை அந்தச் சுவரிலிருந்து எடுத்துவிட்டால் அதன் பொருளில் பாதி போய்விடும். சுவர்ச் சிற்பம் எந்தச் சுவர் என்பதையும் தன் பொருளாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று என் பார்வையில் இல்லை.

கானாவில் பிறந்து நைஜீரியாவின் என்சுக்காவில் வாழ்ந்து பணியாற்றிய எல் அனட்சுயி 1990களின் இறுதியில் தெருவோரம் ஒரு மூட்டை நிறைய மதுப்புட்டி மூடிகளைக் கண்டெடுத்தார். அவற்றை நசுக்கி, தட்டையாக்கி, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று பின்னி, சுவரளவு உலோக விரிப்புகளாக்கினார். ஆயிரமாயிரம் அலுமினியத் துண்டுகள். ஒவ்வொன்றும் தனித்தனிக் கோணத்தில் ஒளியை வாங்குகிறது. 'பூமியின் தோல்' என்று ஒன்றுக்குப் பெயர். மாட்டும்போது எப்படி மடிய வேண்டும் என்று அவர் கட்டளையிடுவதில்லை. ஒவ்வொரு அருங்காட்சியகத்திலும் புதிய குன்றும் புதிய பள்ளமும் உருவாகின்றன. மதுவும் அடிமை வணிகமும் அட்லாண்டிக் கடலைச் சுற்றிச் சுழன்ற வரலாறு அந்த மூடிகளுக்குள் இருக்கிறது. 2012இல் நியூயார்க்கின் ஹை லைன் உயர்நடைபாதையை ஒட்டிய கட்டடச் சுவரில் பழைய தகரத்தையும் கண்ணாடித் துண்டுகளையும் கொண்டு அவர் அமைத்த 'உடைந்த பாலம் 2' வானத்தை வாங்கிச் சுவருக்குள் வைத்தது. மேகம் கடக்கும்போது சுவரில் ஓட்டை விழுந்ததுபோல் தோன்றும். 2015 வெனிஸ் பியனாலேயில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் அவருக்கு வழங்கப்பட்டது. விலையுயர்ந்த எஃகும் பெரிய எந்திரமும் இல்லாமலேயே இந்தக் கலையின் உச்சத்தைத் தொட முடியும் என்று காட்டியவர் அவர்.

நம் பக்கத்துத் தகட்டு வேலை

தமிழ்நாட்டில் தகட்டைப் புடைத்து உருவம் எழுப்பும் வேலை இன்றும் உயிரோடு இருக்கிறது. மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசம், திருவாசி, வாகனங்களின் தகடு வேய்தல் எல்லாம் இந்தக் கைகளின் வேலை. தஞ்சாவூர்க் கலைத்தட்டில் பித்தளை அல்லது செம்புத் தளத்தின்மேல் வெள்ளித் தகட்டுப் புடைப்புகளைப் பதிக்கிறார்கள். கருவறை இருட்டில் கற்பூர ஆரத்தி மேலும் கீழும் சுழலும்போது கவசத்தின் ஒவ்வொரு மேடும் ஒரு கணம் எரிந்து அடங்குவதைப் பார்த்தவர்களுக்கு, மாக் தன் தகட்டில் கண்ட நடுக்கம் புதிதாக இருக்காது.

1966இல் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் சென்னைக்குத் தெற்கே கடலோரமாக உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம் இந்த மரபை நவீனக் கலைக்குள் கொண்டுவந்தது. பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்து வளைத்து, கம்பிகளைப் பற்றவைத்து, முன்னிருந்து மட்டும் பார்க்க வேண்டிய உருவங்களைச் செய்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பிலும் பித்தளையிலும் எனாமல் சேர்த்துக் கதைசொல்லும் முன்முகச் சிற்பங்களைப் படைத்தார். நடுகற்கள் அவருக்குத் தூண்டுதலாக இருந்தன. சுவருக்கும் சிற்பத்துக்கும் இடையிலான உறவை இவர்கள் இருவரும் ஆழமாக யோசித்தவர்கள். ஆனால் இவர்களின் மையம் தெய்வமும் மனிதரும் புராணமும்தான். மரமும் பறவையும் துணைக்கு வந்தன. நிலவெளியே தலைமைப் பொருளாக நிற்கும் உலோகச் சிற்ப மரபு நம்மிடம் இன்னும் உருவாகவில்லை.

இது எனக்கு உண்மையான வருத்தம். நிலத்தைப் பொழுதோடு சேர்த்துப் பார்த்த இலக்கண மரபு நம்முடையது. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய வெளிச்சத்தை வகுத்து வைத்திருக்கிறோம். ஒளி மாறினால் தானும் மாறும் உலோகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரைதிட்டத்தை எங்கே தேடுவது? நெய்தலுக்கு ஒரு தகடு செய்தால் அது மேற்கு வெயில் சாய்ந்து விழும் சுவரில் இருக்க வேண்டும்; கிடைக்கீறல் போட்ட அலுமினியமாக இருக்கலாம். பாலைக்குச் சூடேற்றிய எஃகு. குறிஞ்சிக்கு ஒற்றை விளக்கு போதும், வெள்ளி கறுத்தாலும் பழுதில்லை.

மாட்டுவதற்கு முன்

செயல்முறைச் சங்கடங்களைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு முழுமையாகாது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று எவர்சில்வரையும் விடாது. 304 ரக எஃகில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். வெளிச்சுவருக்கு மாலிப்டினம் கலந்த 316 ரகம் வேண்டும். தீச்சுடரால் நிறமேற்றிய எஃகு அரிப்பைத் தாங்கும் வலிமையை ஓரளவு இழந்துவிடுவதால் அதை உள்சுவரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பித்தளைக்கும் செம்புக்கும் மேல்பூச்சு இல்லாவிட்டால் சில மாதங்களில் மங்கும். மங்குவதையே விரும்பும் கலைஞரும் உண்டு. அதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

எடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவில் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு 16 கிலோ. அதே அளவு எஃகுத் தகடு 48 கிலோ. ஜிப்சம் பலகைத் தடுப்பில் அதை மாட்ட முடியாது. கண்கூச்சமும் வெப்பமும் இன்னொரு பக்கம். லாஸ் ஏஞ்சலிஸில் 2003இல் திறந்த வால்ட் டிஸ்னி இசையரங்கின் ஒரு பகுதியில் முழு மெருகிட்ட எஃகுத் தகடுகள் வெயிலைக் குவித்து அண்டை வீடுகளைச் சூடாக்கின. 2005இல் அந்தத் தகடுகளைத் தேய்த்து மங்கலாக்க வேண்டியதாயிற்று. மெருகிட்ட குழிவான பரப்பு எதுவும் வெயிலில் ஆபத்தானதே. துப்புரவுப் பணியாளரிடம் கம்பிநாரையும் விம் பொடியையும் தவிர்க்கச் சொல்ல வேண்டும். கலைஞர் கீறிய திசையிலேயே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஒரே நாள் குறுக்கே தேய்த்தால் கடல் போய்விடும்.

புதிதாக ஓட்டலோ மருத்துவமனையோ ரயில் நிலையமோ கட்டுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலைப் புரட்டிப் பொன்னிற மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், சிற்பம் வரப்போகும் சுவரின் எதிரே காலை ஏழு மணிக்கும் உச்சி வெயிலிலும் மாலை ஆறு மணிக்கும் சிற்பியை நிற்கச் சொல்லுங்கள். விளக்கு எங்கே வரும் என்பதை மின்பணியாளர் முடிவுசெய்வதற்கு முன் அவரிடம் கேளுங்கள். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் தகட்டைப் புடைக்கத் தெரிந்த கைகள் வேலைக்குக் காத்திருக்கின்றன. இளம் சிற்பிகளை அந்தப் பட்டறைகளுக்கு அனுப்பி இருவரையும் சேர்த்து வேலை கொடுங்கள். முடிந்ததும் செய்தவர்கள் எல்லாருடைய பெயரையும் சிற்பத்துக்கு அருகில் பொறித்து வையுங்கள்.